பாய்லரின் முன்தகடு

நான் அனுப்பிய செய்தி எட்டு வரி. விழுப்புரத்துக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் பாய்லரின் முன்தகடு பிளந்து கொதிநீர் பீறிட்டது. உமி தள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி வெந்துபோய், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பாய்லரை இயக்கியவர் இறந்தவரின் அண்ணன். அவர் தீயை அவசரமாக ஏற்றியதே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.

கடைசி வாக்கியத்தை ஆலை முதலாளியும் சொன்னார், போலீஸ் ரைட்டரும் சொன்னார். இரண்டு பேர் சொன்னால் எழுதலாம் என்பது எங்கள் பத்திரிகையில் வழக்கம். ரைட்டருக்கு அதைச் சொன்னவரே முதலாளிதான் என்பதை நான் விசாரிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. பகலில் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. மிச்ச நேரத்தில் சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நிருபர். ரயில் தடம் புரண்டது, ஏரிக்கரை உடைந்தது, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு விலை இறங்கியது என்று வாரத்துக்கு நாலைந்து தபால் போடுவேன். ஒன்றிரண்டு அச்சில் வரும். இது வந்தது.

வந்து நாலு நாள் கழித்து, காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில், ஒருவர் வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். வலது கையில் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. தம்பியை இழுத்து வெளியே போட்டபோது வெந்த கை என்று பிறகு தெரிந்தது. இடது கையில் நாளிதழிலிருந்து கிழித்த துண்டு.

"சார், இது நீங்க எழுதுனதா?"

"ஆமாம்."

"கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்."

படித்தேன். கடைசி வாக்கியம் வந்தபோது குரலை இறக்கினேன். அவர் தலையசைத்தார், தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொள்பவர்போல.

"சரிதான். இதையேதான் அந்தப் பொண்ணும் சொல்லிச்சு. தம்பி பொண்டாட்டி. எங்க வூட்டுலதான் இருந்துச்சு. இது பேப்பர்ல வந்த அன்னிக்கே திண்டிவனத்துக்கு அப்பா வூட்டுக்குப் போயிடுச்சு. பின்னால போனேன். மூஞ்சிய காட்டல. 'புருசன கொன்னவரு வூட்டுல எப்டி சோறு துன்றது'ன்னு உள்ளேந்து சொல்லுது."

துண்டை அவரிடம் திருப்பி நீட்டினேன்.

"போலீசு இன்னா வேணா எழுதிக்கட்டும் சார். ரெண்டு வருசம் போடுவான்னு வக்கீலு சொல்றாரு, போடட்டும். நான் தீய அவசரமா ஏத்தல. அது அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். நீங்க எழுதுனீங்க. நீங்களே திருப்பி எழுதுங்க."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவசரம் என்றால் என்ன என்பதை அன்று மாலை ஆலைக்குப் பக்கத்து டீக்கடையில் அவரே விளக்கினார். அந்த ஆலை புழுங்கல் அரிசி ஆலை. படுக்க வைத்த பெரிய இரும்புப் பீப்பாய்தான் பாய்லர். பீப்பாய்க்குள் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு தீக்குழாய். குழாயில் உமி எரியும், குழாயைச் சுற்றித் தண்ணீர். பீப்பாயின் முன்வாயை மூடுகிற வட்டத் தகட்டில் குழாயின் வாயையும் சேர்த்து ரிவிட் அடித்திருப்பார்கள். குளிர்ந்த பாய்லரில் ஒரேயடியாகத் தீ போட்டால் குழாய் முதலில் சூடேறி நீளும். பீப்பாய் இன்னும் குளிர்ந்திருக்கும். நீண்ட குழாய் முன்தகட்டைப் பிடித்துத் தள்ளும். அதனால், பாய்லர் ஒரு நாளே நின்று பாதி ஆறியிருந்தாலும், சின்னத் தீயாக வைத்து, ஓர் இரவு முழுக்க மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பாய்லர் சர்ட்டிபிகேட் கொடுக்கும்போது முதலில் கேட்கிற கேள்வியே அதுதானாம்.

ஆலைக்கு அமாவாசை மட்டும் விடுமுறை. அன்று காலை பூஜை முடித்துவிட்டு அவர் சொந்த ஊரான கெடாருக்குப் போனார். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்பி, விளக்கு வைக்கிற நேரத்தில் சின்னத் தீ மூட்டியதாக அவர் சொன்னார். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் வந்து இரண்டு மணி நேரத்தில் தீயை ஏற்றினார் என்று முதலாளி சொன்னார். வாட்ச்மேன் அவரைச் சாயங்காலம் பார்க்கவில்லை என்றார். பார்த்த ஒரே ஆள் கூட இருந்த தம்பி. அவன் செத்துப்போனான்.

"வாட்ச்மேன் பொய் சொல்றான்னு சொல்லல சார். அவன் அமாவாசைன்னா எங்கனா போய்ப் படுத்துக்கினு இருப்பான். பாக்கலன்னா பாக்கல."

அந்த நியாயம் என்னை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தியது. ஆனால் திருப்பி எழுத அது போதாது. மறுத்து எழுத வேண்டுமானால் ஏதாவது ஒரு பொருள் சாட்சியாக வேண்டும்.

அப்போது என் மச்சான் எங்கள் வீட்டில் இருந்தான். மனைவியின் தம்பி. சென்னையில் ஒரு தொழிற்சாலையில் வரைவுப் பிரிவில் இன்ஜினீயர். மஞ்சள் காமாலை வந்து லீவில், அக்கா கைக் கஞ்சிக்காக விழுப்புரம் வந்திருந்தான். கண்ணெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. படிக்கவும் சலித்துப்போய் என்னோடு வம்பு இழுத்துக்கொண்டிருந்தான். பாய்லர் கதையைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான்.

"தகடு எங்க மாமா இருக்குது இப்ப?"

"ஆலையில்தான். சென்னையிலிருந்து பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிற வரை யாரும் தொடக்கூடாதாம்."

"நாம தொட வேணாம். பாத்துட்டு வரலாம். ஒரு ஜட்கா கூப்புடுங்க."

"உனக்கு நடக்கவே தெம்பில்ல, இரும்பு பாக்கப் போறியா?" என்றாள் என் மனைவி.

"நடக்கலக்கா. குதிரைதான் நடக்கப் போகுது."

முதலாளி தடுக்கவில்லை. பத்திரிகைக்காரனைத் தடுத்தால் அதுவே செய்தியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். முன்தகடு ஆள் உயரம் இருந்தது. தீக்குழாய் வாய்க்கு மேலே, ஒன்றரைச் சாண் நீளத்துக்கு, புருவம் மாதிரி வளைந்து பிளந்திருந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் பல காலமாகப் பூசிப் பூசி, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. பாய்லருக்கு அதுதான் நெற்றி.

மச்சான் ஒரு குச்சியால் பிளவின் ஓரத்தைச் சுரண்டினான். என்னைக் கூப்பிட்டான்.

"பாருங்க. தகடு அரை அங்குலம். வெளிப்பக்கத்துலேந்து முக்கால் பங்கு ஆழம் வரைக்கும் பழுப்பு. துரு. உள்பக்கத்துல ஒரு நூல், அரைக்கால் அங்குலம்தான் பளபளன்னு இருக்குது. அது மட்டும்தான் அன்னிக்கிக் கிழிஞ்சது. மிச்சமெல்லாம் பழைய விரிசல்."

"அப்படியென்றால் அன்று காலை தீ போட்டதற்கும் இதற்கும்..."

"அது மட்டுமில்ல மாமா. குழாய் நீண்டு தகட்டைத் தள்ளினா, விரிசல் உள்பக்கத்துல, தண்ணி இருக்கிற பக்கம்தான் ஆரம்பிக்கும். பாய்லர் பொஸ்தகத்துல எல்லாம் அப்டித்தான் படம் போட்டிருக்கும். இது வெளியிலேந்து உள்ள போயிருக்குது. வெளியில இன்னா இருக்குது இத வெடிக்க வெக்க?"

குச்சி முனையில் ஒட்டியிருந்ததை என்னிடம் நீட்டினான். துருவோடு துருவாக மஞ்சள் பொடி.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். முந்தைய ஆண்டு ஓர் அமாவாசைப் பூஜைக்கு முதலாளி நிருபர்களை அழைத்திருந்தார். நான் போய் ஆறு வரி எழுதினேன். அதில் பாய்லருக்கு மஞ்சள் நீர் அபிஷேகம் நடந்தது என்று இருக்கும். வார்த்தைக்காக எழுதியதல்ல, கண்ணால் பார்த்தது. ஆலை அன்று விடிகாலைதான் நின்றிருந்தது. நீராவியை வெளியே விட்டிருந்தார்கள், ஆனால் உள்ளே தண்ணீர் கொதிசூட்டில் கிடந்தது. செங்கல் கட்டிடத்துக்குள் இருக்கிற பாய்லர் தானாக ஆறுவதற்கு இரண்டு நாள் வேண்டும். பூஜையோ ராகு காலத்துக்கு முன்னால் முடிய வேண்டும். முதுகு மட்டும் தெரிந்த ஒருவர் ஏணி மேல் ஏறி, அந்த நெற்றியில் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். ஊற்ற ஊற்றத் தகடு சீறியது. புகை எழும்பியது. கீழே கைகூப்பி நின்றவர்கள், "வாங்கிக்கிச்சு, வாங்கிக்கிச்சு" என்றார்கள். பாய்லர் அபிஷேகத்தை ஏற்றுக்கொண்டதாம். அந்தச் சீறல் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பூஜை நிறையாது.

"எத்தினி குடம்?" என்றான் மச்சான்.

"பதினொன்று. எண்ணினேன்."

"நீங்க எண்ணியிருப்பீங்க" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அன்று மாலையே பாய்லர்காரர் வந்தபோது கேட்டேன். எப்போதும் பதினொன்றுதானா?

"மொதல்ல மூணுதான் சார். பாய்லர் வந்த நாள்லேந்து மூணு. இப்ப ஒரு மூணு வருசமாத்தான் பதினொண்ணு."

"ஏன் கூட்டினீர்கள்?"

"ஒரு வேண்டுதல்" என்றார். பிறகு துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். ஊற்றுவது யார்? அவர்தான், வேறு யாரையும் ஏணி ஏற விடுவதில்லை. குடம் எவ்வளவு பெரிது, ஒரு குடத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம், எந்த இடத்தில் ஊற்றுவார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். வேண்டுதல் யாருடையது என்று கேட்கவில்லை.

மச்சான் கணக்குப் போட ஆரம்பித்தான். துருவே போதாதா என்று கேட்டேன். போதாது என்றான். பழைய விரிசல் என்பதைத் துரு சொல்லும். யாரால் என்பதைச் சொல்லாது. தகடு வார்த்ததில் குறை என்று ஒருவன் சொல்வான், இவர் வருஷக்கணக்காக அவசரத் தீ போட்டார் என்று இன்னொருவன் சொல்வான். குளிர்ந்த தண்ணீர்தான் அந்த இடத்தில், அந்த வளைவில், வெளியிலிருந்து பிளக்கும் என்று காட்ட வேண்டும்.

கட்டம் போட்ட தாள் வாங்கி வந்தேன். தகட்டை நெடுக்காக அறுத்தால் தெரிகிற முகத்தைப் பெரிதாக வரைந்து, கட்டங்களின் மூலைகளில் புள்ளி வைத்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சூடு. ஓரப் புள்ளிகளின் சூடு தெரியும், உள்ளே கொதிநீர், வெளியே கிணற்றுத் தண்ணீர். நடுவில் இருக்கிற புள்ளிகளுக்கு முதலில் உத்தேசமாக ஓர் எண் போடுவது. பிறகு ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியிருக்கிற நாலு புள்ளிகளின் சராசரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் திருத்துவது. ஒன்றைத் திருத்தினால் பக்கத்துப் புள்ளி தப்பாகும். அதைத் திருத்தினால் அதற்கடுத்தது. தப்பை விரட்டிக்கொண்டே போய்த் தாளின் ஓரத்தில் தள்ளிவிட வேண்டும். தகடு ஆறிக்கொண்டே வருவதால், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு புதுத் தாள். இந்தக் கூட்டல் வகுத்தல் எல்லாம் என் பங்கு. எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத் தரக்கூடிய கணக்குதான், ஆயிரம் தடவை.

"புள்ளி வெச்சிக்கினே இருக்கீங்க ரெண்டு பேரும். கோடு எப்ப இழுப்பீங்க?" என்றாள் மனைவி, கஞ்சியை வைத்துவிட்டு. "மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்குது."

சூட்டுத் தாள் முடிந்ததும் அதன் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்து இரண்டாவது கணக்கு. அது இழுப்புக் கணக்கு.

"சூடு மட்டும்னா ஒண்ணும் ஆகாது மாமா. இரும்ப சும்மா வுட்டா அது பாட்டுக்கு நீளும், அது பாட்டுக்குச் சுருங்கும். சுத்தி ரிவிட் அடிச்சுப் புடிச்சிக்கினா தான் பேஜாரு. வெளித்தோலு குளுந்து சுருங்கப் பாக்குது. உள்ள இருக்கிற இரும்பு இன்னும் சூடா, சுருங்க மாட்டேங்குது. ஒண்ண ஒண்ணு விடாது."

"நம்ம வூட்டுக் கூட்டுக் குடும்பம் மாதிரி" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"அதேதான்கா. யாரு மெலிஞ்ச எடமோ அங்க கிழியும்."

முதல் தாளில் சூடு தெரியாமல் இரண்டாம் தாளில் ஓர் எண்கூடப் போட முடியாது. சூடு இழுப்பைத் தீர்மானிக்கிறது, இழுப்பு சூட்டைத் தொடுவதில்லை, எனவே ஒருவழிப் பாதை என்றுதான் அவன் முதலில் நினைத்தான். நாலாம் நாள் நிறுத்திவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். மயிரிழை விரிசல் ஒன்று விழுந்துவிட்டால் அடுத்த அமாவாசைக்கு ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் இறங்கும். இறங்கினால் தகட்டின் உள்ளேயும் குளிரும். சூட்டுத் தாள் மாறிவிட்டது. மாறிய சூட்டுக்கு இழுப்பு வேறு. அந்த இழுப்பு விரிசலை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கும். மறுபடி சூடு. எல்லா அமாவாசைக்கும் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் முழுக்கணக்கு. மூன்று வருஷத்துக்கு முப்பத்தேழு அமாவாசை. நாங்கள் நாலு போட்டோம்.

பல வருஷம் கழித்து, ஓய்வு பெற்ற பிறகு, ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியில் ஒரு மாணவி கம்ப்யூட்டர் திரையில் இதையே எனக்குக் காட்டினாள். ஒரு தகட்டை ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கி, சூட்டையும் இழுப்பையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினாள். நான் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போடுவதற்குள் விடை வந்துவிட்டது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறமாகப் பரவியது. எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் மச்சான் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டான். வளைவின் வெளிமுகம், குழாய் வாய்க்கு மேலே. பிளவு இருந்த இடம்.

அவசரத் தீக்கும் தனியாக ஒரு தாள் போட்டோம். அதில் அந்தப் புள்ளி இழுபடவே இல்லை, அமுங்கியது. அமுங்குகிற இடம் பிளக்காது. அவர் தீயை எப்படிப் போட்டிருந்தாலும் அந்த விரிசல் அவர் தீயால் விழுந்ததல்ல.

இன்னொன்றும் போட்டோம், அவன் பிடிவாதத்தில். பதினொன்றுக்குப் பதில் மூன்று குடம். மூன்று குடத்துக்கு வெளித்தோல் குளிரத் தொடங்கும்போதே தண்ணீர் ஆவியாகித் தீர்ந்துவிடுகிறது, உள்ளேயிருந்து சூடு திரும்ப வந்துவிடுகிறது. இழுப்பு ஆபத்து எல்லைக்குப் பாதியைக்கூடத் தொடவில்லை. முன்பு பல வருஷம் மூன்று குடம் ஊற்றி ஒன்றும் ஆகாததற்கு இதுதான் விளக்கம் என்று அவன் சந்தோஷப்பட்டான். கணக்கு நடந்ததோடு ஒத்துப்போனால் கணக்குப் போட்டவனுக்கு வருகிற சந்தோஷம். எனக்கும் இருந்தது.

சென்னையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். தாள்களை வாங்கி, மேலே இரண்டு, அடியில் இரண்டு பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தகட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சூடான தகட்டில் தொடர்ந்து குளிர்ந்த நீர் விடப்பட்டதால் வெளிப்புறத்தில் தோன்றி வளர்ந்த பழைய விரிசல், பூச்சு மறைத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை, இயக்கியவர் அன்று செய்த தவறு எதுவும் தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். கேஸ் கைவிடப்பட்டது. பறித்து வைத்திருந்த சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன். முன்பு வந்த செய்தியில் கூறப்பட்டது சரியல்ல என்று முதல் வரியிலேயே தெளிவாக. அது வரவில்லை. மறுபடி அனுப்பினேன், வரவில்லை. சென்னைக்குப் போனபோது செய்திப் பிரிவில் கேட்டேன். "ஆள் செத்தது செய்தி சார். ஏன் செத்தான்னு ரெண்டு மாசம் கழிச்சு சொன்னா யாரு படிப்பான்?" என்றார் அங்கிருந்தவர். பகையில்லாமல்தான் சொன்னார். மேஜையில் அன்றைய செத்தவர்கள் காத்திருந்தார்கள்.

அச்சில் வராதென்று ஆனதும் நேரில் போய்ச் சொல்வதென்று முடிவு செய்தேன். திண்டிவனம் ஒரு மணி நேரப் பஸ். போகிறேன் என்பதைப் பாய்லர்காரரிடம் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வேணாம் சார்" என்றார்.

"என்ன வேண்டாம்? இதற்காகத்தானே வந்தீர்கள்."

"கேஸு முடிஞ்சிடுச்சு, அது போதும். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"அவங்க உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டே இருக்கட்டுமா?"

"நெனச்சிக்கினு போவட்டும் சார். எனக்கு ஒண்ணும் இல்ல." போகத் திரும்பியவர் நின்று, "தண்ணின்னு சொல்லாதீங்க. வேற எதுன்னா சொல்லுங்க. இரும்பு பழசுன்னு சொல்லுங்க" என்றார்.

ஊற்றிய கை தன்னுடையது என்பதால் வெட்கப்படுகிறார் என்று எண்ணினேன். அது தவறு என்றும், அறியாமல் செய்ததற்கு யாரும் பழி சொல்ல மாட்டார்கள் என்றும், உண்மையை முழுதாகச் சொல்வதுதான் அவருக்கே நல்லது என்றும் எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தாள்களில் இரண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், கேட்டால் காட்டலாம் என்று.

அவள் அப்பா வீடு ஏரிப் பக்கம். வாசல் களத்தில் மல்லாட்டை குவிந்திருந்தது. அவளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் மற்ற இருவரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அவள் எழவில்லை. கையும் நிற்கவில்லை. ஓட்டை நசுக்குவது, பருப்பை முறத்தில் போடுவது, ஓட்டைப் பின்னால் எறிவது.

"பேப்பர்ல எழுதுனவரா நீங்க?"

"ஆமாம்மா. அதில் தப்பாக வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாக, அவளுக்குப் புரிகிற வார்த்தைகளில். தீ அவசரமாக ஏற்றப்படவில்லை. புருஷனின் அண்ணனான பெரியவர் மேல் குற்றம் இல்லையென்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது. விரிசல் பழையது. அமாவாசைக்கு அமாவாசை, சூடாக இருந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் வந்தது. யாரும் தெரிந்து செய்ததல்ல.

கை நின்றது.

"பூசைத் தண்ணியா?"

"ஆமாம்."

"அது எத்தினியோ வருசமா ஊத்துறாங்களே. அப்பல்லாம் ஒண்ணும் ஆவலயே."

சரியான கேள்வி. என் பையன்களில் ஒருவன் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். பதிலும் என்னிடம் இருந்தது.

"முன்பெல்லாம் மூன்று குடம்தானாம். மூன்று குடத்தைத் தகடு தாங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். மூன்றோடு நிறுத்தியிருந்தால் விரிசலே விழுந்திருக்காது. பதினொன்றாகக் கூட்டிய பிறகுதான்..."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை நிறுத்தினேன்.

"பதினொண்ணு நான் வேண்டிக்கினது" என்றாள்.

முறத்தைக் கீழே வைத்தாள். மெதுவாகப் பேசினாள், எனக்கு விவரம் தருவதுபோல.

"அவருக்கு அம்மை போட்டுச்சு. கண்ணாலம் ஆன மறு வருசம். பொழைக்காதுன்னுட்டாங்க. பொழச்சு எழுந்தா, அவரு சோறு துன்ற அந்த பாய்லருக்கு அமாவாசை தவறாம பதினோரு கொடம் ஊத்தறேன்னு வேண்டிக்கினேன். பொம்பளைய உள்ள விட மாட்டாங்க. பெரியவரு கிட்ட சொன்னேன். 'நீ கரச்சுக் குடு, நான் ஊத்தறேன்'னாரு. நான்தான் மஞ்ச அரச்சிக் கரச்சுக் குடுத்தேன். அன்னிக்கும் நான்தான் குடுத்தேன்."

அன்னிக்கு என்றால் அவன் வெந்ததற்கு முதல் நாள்.

கணக்கு முரட்டுக் கணக்கும்மா, எல்லாம் உத்தேசம்தான், ஓர் இடத்தில் தப்பிருந்தால் விடையே மாறிவிடும் என்றெல்லாம் சொன்னேன். ஒரு நிமிஷத்துக்கு முன் நான் பேசிய குரலை அவள் கேட்டிருந்தாள். இது வேறு குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பெரியவருக்குத் தெரியுமா, தண்ணினாலன்னு?"

"தெரியும்."

"வேண்டுதல் யாருதுன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லை."

அவள் தலையசைத்தாள். எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் நின்றேன். உள்ளே போன பெண்களில் ஒருத்தி வந்து, "நீங்க போங்க சார்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கோபமாக இருப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் குரல் ஏறவேயில்லை.

"சொல்லிட்டீங்களா சார்."

"எனக்குத் தெரியாது. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க எழுதுவீங்க" என்றார். "எழுதறவருகிட்ட எப்டி சொல்றது?"

பையன்கள் மணியடித்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"நான்தான் கொன்னேன்னு அந்தப் பொண்ணு நெனச்சிக்கினு இருந்தா, என்ன வஞ்சிக்கினே காலத்தை ஓட்டியிருக்கும். நாளானா ஆறியிருக்கும். நான் உள்ள போயிட்டு ரெண்டு வருசத்துல வந்திருப்பேன். கால்ல வுழுந்து கூட்டிக்கினு வந்திருப்பேன்."

 வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவரே சொல்லிப் போனார்.

பிறகு அவர் வேறோர் ஆலைக்கு வேலைக்குப் போனார். அங்கே பாய்லர் முழுதாக ஆறாமல் யாரையும் ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்ற விடமாட்டாராம். பூஜையைக் கெடுக்கிறவர் என்று பேர் வாங்கினார். அமாவாசைதோறும், ஆலை நின்றதும், ஒரு பையில் அரிசியும் இன்னொன்றில் காய்கறியும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவார். நான் சில சமயம் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். தலையசைப்போம்.

இரண்டு வருஷம் இருக்கும். ஒருநாள் அவர் திரும்பி வந்து இறங்கியபோது நான் எதிரே நின்றேன். பைகள் காலியாக இருந்தன. விசாரிக்காமல் போக முடியவில்லை.

"வாங்கிக்கொண்டாங்களா?"

"அம்மாகாரி வாங்கிக்கினாங்க."

"பேசினாங்களா?"

"இல்ல சார். நான் வந்தா அந்தப் பொண்ணு கொல்லப்பக்கம் போயிடுது. என் மூஞ்சிய பாக்க முடியலயாம்." பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "மொதல்லயும் பாக்கலதான். அப்ப வாசல்ல நின்னுக்கினு, நான் பண்ணல, நான் பண்ணலன்னு கத்துவேன். கேக்கலன்னாலும் சொல்றதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப இன்னான்னு கூப்புடறது?"

கெடார் பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். கண்டக்டர் தட்டினார். அவர் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார், நன்றாக இருந்த கையால்.